எண்பது லட்சம் பிள்ளைகளும் ஓர் ஈய முத்திரையும்

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அதற்கு மேலே படித்தவர்கள் செய்த காரியத்தைத்தான் எழுதப் போகிறேன். இதெல்லாம் பொய் என்று யாராவது வந்து சொன்னால், முதலில் அவர் பையில் ரப்பர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் எங்கள் ஆராய்ச்சி நிலையத்து ஆள்.

என் பேர் ரிஸ்பெக். முப்பத்தொரு வருஷம் மலைக்கணவாய் வழியாகத் தெற்கே லாரி ஓட்டினேன். அந்த வழியில் ஓட்டுகிறவன் எடை மேடைக்காரனை நம்ப மாட்டான், வானிலை அறிக்கையை நம்ப மாட்டான், சொந்த பிரேக்கைக்கூட இறக்கத்துக்கு முன்னால் இறங்கிப் பார்த்துத்தான் நம்புவான். அப்படிப்பட்ட நான் என் மகளின் கைத்தோலைக் கொண்டுபோய் ஒரு அரசாங்க நிலையத்தில் கொடுத்தேன் என்றால், வேறு வழி இல்லாமல் போனது என்று அர்த்தம்.

மகள் பெகாயிம். முப்பத்திரண்டு வயது. தாய் இல்லாதவள். தையல் பட்டறையில் ஒரு நாளைக்கு நூற்றிருபது காலர் தைப்பாள். பட்டறைக்காரி அவளைக் காட்டிக் காட்டி மற்றவர்களைத் திட்டுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அப்புறம் கரண்டி கையிலிருந்து விழுந்தது. அப்புறம் கால். வியாதியின் பேர் சரக்கு ரயில் மாதிரி நீளம், அதனால் எழுதவில்லை.

டாக்டரம்மா உள்ளதைச் சொன்னாள். உலகத்தில் இதற்கு இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று சிலருக்கு வியாதியை நிறுத்தும். அதுவே வேறு சிலருக்கு வேகமாக்கிவிடும். மற்ற மருந்தும் அப்படியே. யாருக்கு எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவும் முடியாது. அக்டோபர் முடிவதற்குள் ஒன்றைத் தொடங்கவில்லை என்றால் தொண்டை நின்றுவிடும், மாத்திரை விழுங்கவே முடியாது.

“அப்ப எப்படிம்மா தெரிஞ்சுக்குறது?”

“அவ நரம்பு மேலயே ரெண்டு மருந்தையும் ஊத்திப் பார்க்கணும்.”

“அவ தலைய அறுத்தா?”

“அவ தோல்லேருந்து நரம்பை வளர்ப்பாங்க பெரியவரே. நம்ம ஊர்லயே ஒரு நிலையம் திறந்திருக்காங்க. ஒரே ஒரு பொண்ணுக்கு அந்த வேலை தெரியும்.”

அந்தப் பொண்ணு கனிகேய். நிலையத்தில் எழுபத்தாறு பேர் வேலை பார்த்தார்கள். எழுபத்தைந்து பேர் அவள் வேலையைக் கண்காணித்தார்கள். மற்றபடி பளிங்குப் படிக்கட்டு இருந்தது, நீரூற்று இருந்தது.

கனிகேய் எனக்கு லாரிக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். “தோலை ரிவர்ஸ் எடுத்து அதோட பிள்ளைப் பருவத்துக்குக் கொண்டுபோறேன் மாமா. அங்கேருந்து நரம்புப் பாதையில திருப்பி விடுறேன். அப்ப அதுக்குப் பேரு நரம்புக் குருத்தணு. அது பெருகும். பெருகினதை நரம்பா முத்த வச்சு, அப்புறம் மருந்து.”

பெகாயிமின் இடது கையில் பயறு அளவுக்குத் தோல் எடுத்தார்கள். அது குருத்தணு ஆக ஏழு மாசம் ஆனது. கண்ணாடித் தட்டில், சூட்டுப்பெட்டிக்குள், உடம்புச் சூட்டில். இரண்டு நாளுக்கு ஒரு தடவை பழைய தண்ணீரை எடுத்துவிட்டு ரோஸ் நிறத்தில் ஒரு சத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தவறினால் பட்டினி. மூன்றாம் நாள் சோர்ந்துவிடும், ஐந்தாம் நாள் செத்துவிடும்.

மகளின் ஒரு துண்டு இன்னொருத்தர் பெட்டியில் இருக்கும்போது நான் எப்படி வீட்டில் உட்காருவேன்? நிலையத்துக்கே வாசல் காவலாளியாகப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

கையிருப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பனிக்கட்டியைவிடக் குளிரான திரவ நைட்ரஜனில், ஒரு பெரிய குடுவைக்குள், பெகாயிமின் குருத்தணு ஆறு குழாயில் உறைந்து கிடந்தது. நிலையத்தின் முதலாண்டு விழாவில் மேடைக்கு வெள்ளைப் புகை வேண்டும் என்று நிலையத்து டைரக்டர் ஆசைப்பட்டார். குடுவையைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினார்கள். புகை நன்றாக வந்தது. பாடகி அதற்குள்ளிருந்து தேவதை மாதிரி நடந்து வந்தாள். ஆறு குழாயும் சாக்கடையில் போயிற்று. கனிகேய் அழுததை டிவியில் காட்டி, ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஒரு தட்டு.

எங்கள் வழக்கம் தெரியும்தானே. புதிதாகப் பிறந்த பிள்ளை, புது மருமகள், புது வண்டி, எதை முதல் முதலாகப் பார்த்தாலும் பார்த்தவன் பார்வைக் காணிக்கை கொடுத்தாக வேண்டும். டைரக்டர் கல்மூர்சா சத்தாரோவிச் இந்த வழக்கத்தை அறிவியலுக்குக் கொண்டுவந்தார். நாட்டின் முதல் நரம்புக் குருத்தணுவைப் பார்க்க வாரம் இரண்டு குழு வரும். வருகிறவர்கள் சால்வை, கம்பளித் தொப்பி, தேநீர்க் கோப்பை என்று வைப்பார்கள். டைரக்டர் அறையில் முதலில் ஒரு அலமாரி இருந்தது. அப்புறம் மூன்று.

ஒவ்வொரு குழுவுக்கும் பெட்டியைத் திறக்க வேண்டும்.

“சார், திறந்தா சூடு போயிடும்” என்பாள் கனிகேய். “உள்ள இருக்குற வாயு போயிடும். யாராவது தும்மினா மொத்தமும் போயிடும்.”

“விருந்தாளி முகத்துல கதவைச் சாத்தச் சொல்றியா? நம்ம தாத்தன் முப்பாட்டன் எவனாவது சாத்தினானா?”

“அவங்க குருத்தணு வளர்க்கல சார்.”

“அதனாலதான் பெருமையா வாழ்ந்தாங்க” என்றார் டைரக்டர்.

பதினோராவது குழுவில் துணை மந்திரி வந்தார். கூடப் பதினான்கு பேர், ஒரு டிவி கேமரா. துணை மந்திரிக்கு ஜலதோஷம். நான் கதவருகே நின்றேன். அவர் தட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“இதுல எது மூளை?”

“முழுசும்தான் ஐயா” என்றார் டைரக்டர்.

“யோசிக்குதா?”

“திட்டத்துல இருக்கு ஐயா. அடுத்த வருஷம் மூணாவது காலாண்டுல.”

“ஒண்ணும் தெரியலயே.”

“அடக்கமான ரகம் ஐயா.”

கனிகேய் கையை நீட்டி, “ஐயா, தயவு செஞ்சு, ஒரு நிமிஷம் ஆயிடுச்சு” என்றாள். துணை மந்திரி தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்க்கலாமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் பதின்மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். துணை மந்திரிக்குத் தும்மல் வருகிற மாதிரி மூக்கு விரிந்தது.

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது.

“பிறந்து நாப்பது நாள் ஆகலய்யா! அதுக்குள்ள இத்தனை பேர் கண்ணு படுதே. என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?”

இத்தனை நாளாகச் சூடு, வாயு, கிருமி என்று கனிகேய் சொன்னது எவன் காதிலும் ஏறவில்லை. இது ஏறியது. நாற்பது நாள் கழியாத பிள்ளையை அந்நியன் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் அமைச்சரவைக்கும் தெரியும். துணை மந்திரி, எங்கள் ஊரில் பயந்தவன் பிடிக்கிற மாதிரி, தன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு தும்மலை அப்படியே விழுங்கினார். பதின்மூன்று பேரும் பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்கள். தட்டு பெட்டிக்குள் போனது.

கனிகேய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமா, நீங்கதான் இந்த நிலையத்துலயே பெரிய விஞ்ஞானி.”

அரை மணி நேரம் எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

அரை மணி நேரம் கழித்துத் துணை மந்திரி நீரூற்றுக்கு முன்னால் நின்று பேசினார். என்னைப் பக்கத்தில் நிறுத்தித் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“இந்த வெள்ளைத்தாடிப் பெரியவர் இன்னைக்கு நம்ம கண்ணைத் திறந்துட்டார். அறிவியல் நம்ம குழந்தை. குழந்தைன்னா நாப்பது நாள் உண்டு. வெளிநாட்டுக்காரன் இதை மறந்தான், அதான் அவன் ஆராய்ச்சில பாதி தோத்துப் போகுது. நான் தனிப்பட்ட முறையில கண்ணேறை நம்புறவன் இல்லை. எங்க துறை நம்புது. துறை முடிவை மீற எனக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே, இந்த நிமிஷத்துலேருந்து நாப்பது நாளைக்கு அந்தப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. யாரும்னா யாரும். சீல் வைங்க!”

மூன்று பேர் கமிட்டி வந்தது. கம்பி கோத்து, ஈயம் உருக்கி, பெட்டிக் கதவில் முத்திரை குத்தினார்கள். குத்தினபோது பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எதிர்ச் சுவரில் ஒரு கேமராவைப் பொருத்தி, மூடிய கதவை நாள் முழுக்க நாட்டு மக்களுக்கு நேரலையாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். முதல் நாளே பதினோராயிரம் பேர் பார்த்தார்களாம். கதவு நன்றாக நடித்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீர் மாற்ற வேண்டிய முறை.

கனிகேய் ரோஸ் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே டைரக்டர் அறைக்கு ஓடினாள். பின்னால் நானும் போனேன். காவலாளி உள்ளே வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இப்போது மந்திரி கை பட்ட தோள்.

“சார், அதுங்க பட்டினி கிடக்கும்.”

“யாரு சொன்னா?”

“சார், நான்தான வளர்க்குறேன்!”

“பசிச்சா பிள்ளை அழும். உள்ள ஏதாவது சத்தம் கேக்குதா? நேரலையைப் பதினோராயிரம் பேர் பாக்குறான். ஒருத்தனாவது அழுகைச் சத்தம் கேட்டுச்சுன்னு எழுதியிருக்கானா?”

நான் குறுக்கே விழுந்தேன். “ஐயா, நான் சொன்னது தப்பு. வாய் தவறிச் சொல்லிட்டேன். நாப்பதும் கிடையாது, கண்ணேறும் கிடையாது. அது என் மக நரம்பு. திறந்து விடுங்க.”

கல்மூர்சா சத்தாரோவிச் என்னை வருத்தத்தோடு பார்த்தார். “பெரியவரே, நீங்களே உங்க மரபை விட்டுக்கொடுக்கலாமா? நான் படிச்சவன், நானே விட மாட்டேங்கிறேன்.”

“அவ செத்துடுவாய்யா.”

“உணர்ச்சிவசப்படாதீங்க. நான் இது மாதிரி நாற்காலிகள்ல பதினெட்டு வருஷமா இருக்கேன். எப்படி இருக்கேன் தெரியுமா? இதுவரைக்கும் ஒரு கதவையும் நானா திறந்ததில்ல, நானா மூடினதில்ல. திறக்கச் சொன்னா திறப்பேன். மூடச் சொன்னா மூடுவேன். இடையில என்ன உயிரோட இருந்துச்சு, என்ன செத்துச்சுன்னு பார்த்துக்கிட்டிருந்தா நிர்வாகம் நடக்குமா?”

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை சட்ட ஆலோசகர் ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்பது நாளில் அந்நியர்தான் பார்க்கக் கூடாது. தாய் பார்க்கலாம், பாலும் கொடுக்கலாம். ஆகவே குருத்தணுவின் தாய் யார் என்று சான்றிதழ் கொண்டுவந்தால், தாய் முன்னிலையில் முத்திரையைப் பிரிக்கத் தடை இல்லை. பிறப்புப் பதிவு அலுவலகத்தில் வாங்கலாம்.

நான்காம் ஜன்னல். உள்ளே ஒரு அம்மாள் தலை நிமிராமல் கேட்டாள்.

“குழந்தை பேரு?”

“பேரு வைக்கலம்மா.”

“ஆணா, பொண்ணா?”

“நரம்பு.”

அவள் நிமிர்ந்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். தோல், தட்டு, ரோஸ் தண்ணீர், ஈயம். பொறுமையாகக் கேட்டாள், அதற்கு அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

“தகப்பன் யாரு?”

“தகப்பன் கிடையாதும்மா. கைத்தோல்தான்.”

“தகப்பன் பேர் தெரியாதுன்னு போட்டுக்குறேன். எத்தனை பிள்ளைங்க?”

“கனிகேய் சொன்ன கணக்குக்கு... எண்பது லட்சம்.”

“ஒரே பிரசவத்துலயா?”

“ஏழு மாசத்துல.”

“குறைமாசம்” என்று எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை வைத்தாள். “பெரியவரே, பத்துக்கு மேல போனா இந்த ஜன்னல் இல்ல. பல பிள்ளை பெத்த தாய்க்குப் பதக்கம் குடுக்குறது ஏழாம் ஜன்னல்.”

ஏழாம் ஜன்னலில் இருந்தவன் பதக்கம் தரத் தயாராக இருந்தான். எண்பது லட்சம் பேரும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததற்குச் சான்று வேண்டும் என்றான். எனக்குப் பதக்கம் வேண்டாம் என்றேன். பதக்கம் வேண்டாம் என்பதற்கு மனு எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். அவன் முத்திரை குத்தித் தந்த அந்த மனுவை எடுத்துக்கொண்டு நான்காம் ஜன்னலுக்குத் திரும்பியபோது மதியச் சாப்பாட்டுக்கு அடைத்துவிட்டார்கள். அடைத்தது மறுநாள்தான் திறந்தது.

மூன்றாம் நாள். நான்காம் ஜன்னல் அம்மாள் யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள். “ஒரே குடும்பம்னு ஒரே சான்றிதழா போட்டுடலாம். ஆனா தாய் நேர்ல வந்து என் முன்னாடி கையெழுத்துப் போடணும்.”

அலுவலகம் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெகாயிமை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றேன்.

“அத்தா, இறக்கி விடுங்க. உங்களுக்கு எழுபத்தி மூணு.”

“சும்மா இரு. உருளைக்கிழங்கு மூட்டை உன்னைவிட ரெண்டு மடங்கு இருக்கும்.”

“மூட்டை பேசாதுல்ல.”

“அதான் சொல்றேன், பேசாத.”

என் காதுக்குப் பின்னால் சிரித்தாள். அவள் சிரிப்பே மாறிப் போயிருந்தது. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது. முதுகில் இருந்ததால் என் முகத்தை அவள் பார்க்கவில்லை, நல்லதாயிற்று.

ஜன்னல் அம்மாள் தாளைத் தள்ளினாள். பெகாயிம் பேனாவை விரல்களுக்கு நடுவில் செருகச் சொன்னாள். செருகினேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். பேனா கோட்டுக்கு மேலே போனது, கீழே இறங்கியது, தாளை விட்டு வெளியே போய் மேஜையில் ஒரு கோடு போட்டது.

அம்மாள் அடையாள அட்டையைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் ஆறு வருஷத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்து. தையல் மாதிரி சீராக இருந்தது.

“இது உங்க கையெழுத்து இல்லையே.”

“அது அப்ப போட்டது. இப்ப என் கை இப்படித்தான் போடும்” என்றாள் பெகாயிம்.

“பொருந்தலயேம்மா.”

“பொருந்தாம போனதுக்கு வைத்தியம் பண்ணத்தான் இந்தக் கையெழுத்தே கேக்குறோம்.”

“நான் என்ன பண்ணட்டும்? வேற ஆளுக்குச் சான்றிதழ் குடுத்தா என் வேலை போயிடும். இன்னொரு தாள் தரேன். நிதானமா போடுங்க.”

ஒன்பது தாள் கொடுத்தாள். ஒன்பதிலும் போட்டாள். ஒன்பதும் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. ஒன்பதாவதில் பெகாயிமின் கண்ணீர் விழுந்து மை கலைந்தது. கறை பட்ட தாள் செல்லாது என்று ஜன்னல் அம்மாள் அதைத் தனியாக எடுத்து வைத்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. சிவந்த கண்ணோடு ஜன்னலைச் சாத்தினாள்.

நான்காம் நாள் நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். தாய் பேரில் தகராறு இருப்பதால், நாற்பதாம் நாள் விழாவுக்கு வேலைகளை முதலில் பார்ப்பது என்று முடிவானது. வழக்கப்படி நாற்பது வீட்டிலிருந்து துணித்துண்டு வாங்கித் தைத்த சட்டை வேண்டும். எண்பது லட்சத்துக்கும் தனித்தனியா, மொத்தமாக ஒன்றா என்று இரண்டரை மணி நேரம் விவாதித்தார்கள். ஒன்று என்று தீர்மானம். யார் தைப்பது என்று கேட்டபோது டைரக்டர், “நம்ம காவலாளி மக தையக்காரிதான? அவளே தச்சா உருக்கமா இருக்கும்” என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஐந்தாம் நாள் காலை கனிகேய் ஆய்வறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். ரோஸ் தண்ணீர்ப் பாட்டில் மடியில். உடம்புச் சூடு பட வேண்டும் என்று கோட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு ஊத்தினா?”

“பத்துல ஒண்ணு பிழைக்கலாம் மாமா. மறுபடி பெருக்கிடலாம். மருந்து சோதனைக்கு அது போதும். நாளைக்குன்னா ஒண்ணும் இருக்காது.”

“உனக்குப் பிள்ளைங்க இருக்கா?”

“ரெண்டு.”

“அப்ப அந்தப் பக்கம் திரும்பிக்க. உன் வேலை போகக் கூடாது.”

என் பழைய லாரிக் குறடு பையில்தான் இருந்தது. ஈயம் வெண்ணெய் மாதிரி அறுந்தது. நாட்டையே ஐந்து நாள் நிறுத்தி வைத்திருந்த முத்திரை, சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

கனிகேய் திரும்பிக்கொள்ளவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு உள்ளே கை விட்டாள். தட்டில் தண்ணீர் மஞ்சளாகி இருந்தது, பழைய மூத்திரம் மாதிரி. உறிஞ்சி எடுத்தாள், ரோஸ் தண்ணீர் ஊற்றினாள், நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“சொல்லும்மா!”

“இருக்கு மாமா. ஓரத்துல ஒரு கூட்டம் இருக்கு. பாருங்க.”

பார்த்தேன். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. செத்ததெல்லாம் உருண்டை உருண்டையாக மிதக்க, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பேர் நூல் நூலாகக் கையை நீட்டி ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மகளுக்குக் கோக்க வராத நூல் இங்கே தானாகக் கோத்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் நான் பார்த்ததில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. யாராவது கேட்டிருந்தால் சால்வை என்ன, தோலையே உரித்துக் காணிக்கை வைத்திருப்பேன்.

“வீட்டுக்குக் கொண்டுபோயிடலாமா? ஆட்டுக்குட்டியைக் குளிர்ல கோட்டுக்குள்ள வச்சுக் காப்பாத்துற மாதிரி, நான் நெஞ்சோட வச்சுக்குறேன்.”

“சூடு மட்டும் போதாது மாமா, அந்த வாயு வேணும். இந்தப் பெட்டியை விட்டா நாட்டுல வேற பெட்டி இல்ல.”

தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். அதே நேரம் மாடிப்படியில் காலடிச் சத்தம். கதவு திறந்ததைப் பதினோராயிரம் பேர் நேரலையில் பார்த்துவிட்டார்களே.

டைரக்டர், சட்ட ஆலோசகர், கமிட்டி மூன்று பேர், இரண்டு போலீஸ்காரர்கள்.

“யாரு பண்ணினது?”

“நான்தான்” என்றேன். “கம்பிக்குள்ள போட்டு அடைங்க, அடிங்க, என்ன வேணா பண்ணுங்க. பெட்டியை மட்டும் அவகிட்ட விட்டுடுங்க. அதுல உயிர் இருக்கு, கண்ணால பார்த்தேன்.”

சட்ட ஆலோசகர் தலையை ஆட்டினார். “அரசு முத்திரை உடைஞ்சிருக்கு. அப்ப இது குற்றம் நடந்த இடம். பெட்டி இப்ப சாட்சியப் பொருள். சாட்சியப் பொருளை விசாரணை முடியுற வரைக்கும் யாரும் தொடக் கூடாது.”

“யாரும்னா?”

“தாயே வந்தாலும்.”

இந்தத் தடவை இரண்டு முத்திரை வைத்தார்கள், ஒன்று நிலையத்துக்கு, ஒன்று போலீசுக்கு. நான் டைரக்டரின் காலைப் பிடித்தேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. முப்பத்தொரு வருஷம் எந்தச் சாவடியிலும் குனியாதவன், பளிங்குத் தரையில் விழுந்து பூட்ஸைப் பிடித்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து நின்று, “கேமரா பாக்குது பெரியவரே” என்றார்.

வயசைப் பார்த்து என்னைச் சிறையில் போடவில்லை. கனிகேயைக் கீழ்த்தளத்தில் பழைய காகிதக் கட்டுகளுக்குப் பொறுப்பாளராக மாற்றினார்கள்.

நாற்பதாம் நாள் விசாரணைக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்து முத்திரையைப் பிரித்தார்கள். என்னை வரச் சொல்லி ஆள் வந்தது. வெள்ளைத்தாடி ஒன்று நின்றால்தான் சடங்கு முறையாக இருக்குமாம். போகாமல் இருந்திருக்கலாம். ஓரத்தில் இருந்த அந்தக் கூட்டம் எப்படியாவது இருக்குமோ என்று ஒரு நப்பாசை. போனேன்.

நீரூற்றுப் பக்கம் மூன்று ஆடு அறுத்திருந்தார்கள். போர்சோக் என்கிற மாவுப் பலகாரத்தை மலை மாதிரி பொரித்துக் குவித்திருந்தார்கள். துணை மந்திரி வெள்ளிக் கரண்டியோடு வந்தார். பிள்ளையை நாற்பது கரண்டித் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டுமே. தட்டை வெளியே எடுத்தார்கள். அடியில் மஞ்சள் களிம்பு காய்ந்து வெடித்திருந்தது. துணை மந்திரி ஒவ்வொரு கரண்டியாக ஊற்றினார். எட்டாவது கரண்டியிலேயே தட்டு நிரம்பி வழிந்தது. மிச்ச முப்பத்திரண்டும் தரையில் விழுந்தது. கூட்டம் எண்ணிக்கொண்டே வந்தது.

“எவ்வளவு அமைதி பாருங்க! இத்தனை பேரைப் பார்த்தும் ஒரு அழுகை இல்ல, ஒரு அடம் இல்ல. நம்ம நிலையத்தோட வளர்ப்பு” என்றார் துணை மந்திரி.

அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். டைரக்டருக்கு அவர் பதக்கம் குத்தினார். நாற்பது துண்டுச் சட்டையை, கடையில் வாங்கியதுதான், பெட்டியின் கைப்பிடியில் மாட்டினார்கள். ஒரே ஒருத்தர்கூடத் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். டாக்டரம்மா வந்து போயிருந்தாள். மேஜையில் இரண்டு குப்பி. ஒன்றுக்கு வெள்ளை மூடி, ஒன்றுக்கு நீல மூடி. பெகாயிம் தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சொன்னாங்க டாக்டர்?”

“இன்னைக்குத் தொடங்கணுமாம். காலைல தண்ணியே ரெண்டு தடவை புரையேறிடுச்சு. எதுன்னு கேட்டேன். தெரியாது, தெரியும்னு சொன்னா பொய்யின்னாங்க. நல்லவங்க.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “விருந்து எப்படி அத்தா?”

“போர்சோக் நல்லாத்தான் பொரிஞ்சிருந்துச்சு.”

“என் பிள்ளைங்க?”

பொய் சொல்லலாம் என்றுதான் வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“எண்பது லட்சமுமா?”

“ஆமா.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மலையில் புதுப் பனி விழுந்திருந்தது.

“சரி. எந்த மூடியைத் திறக்கப் போறீங்க?”

“நீ சொல்லும்மா. உன் உடம்பு.”

“என் கையால திறக்க முடியாது. திறக்குறவங்கதான் சொல்லணும்.”

“தப்பா எடுத்துட்டேன்னா?”

“நான் திட்ட மாட்டேன் அத்தா. திட்டுறதுக்கு வாயும் இருக்காது.”

அதற்கும் அவள் சிரித்தாள். நான் இரண்டு குப்பியையும் கையில் எடுத்தேன். எடை ஒன்றுதான். ஆட்டிப் பார்த்தேன், சத்தமும் ஒன்றுதான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

நீல மூடியைத் திருகினேன்.